மூன்றாம் வளைவில் மணல்

கொழும்பு வெள்ளவத்தையில் வைக்கோல் கட்டுகளோடு லொறி ஏறி, காலை ஏழு மணிக்கெல்லாம் பந்தயத் தடத்துக்கு வந்துவிட்டோம், நானும் மெக்கானிக் பௌஸியும். நாற்பத்தேழாம் ஆண்டு. யுத்தத்தில் விமானம் இறங்கப் போட்ட தார்ப்பாதை அது. யுத்தம் முடிந்ததும் அதில் மாடு படுத்தது. பிறகு மோட்டார் கிளப் துரைமார் தகரப் பீப்பாய்களை அடுக்கி வளைவுகள் உண்டாக்கி, ஊர் உலகம் பேசும் தடமாக்கினார்கள். பேர் பெரிதுதான். மழை பெய்தால் குளம், காய்ந்தால் வெடிப்பு, மூன்றாம் வளைவில் எந்நேரமும் எண்ணெய் வழுக்கல்.

அந்த வளைவில், ஆபத்தென்றால் வண்டிகளை மட்டுப்படுத்த மஞ்சள் கொடி காட்டுகிறவன் நான். கொட்டாஞ்சேனை ஹியூபேட். வார நாட்களில் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்கர்.

"இந்த வருசமும் நீ வந்தது பெரிய காரியம் ஹியூபேட்," என்றான் பௌஸி. "நானெண்டா இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கமாட்டன்."

பந்தய மோட்டார் சைக்கிளுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். எரியும்போது இனிப்பாக ஒரு வாடை வரும். இன்னும் ஒரு வண்டிகூடக் கிளம்பவில்லை.

வாடை மட்டும் வந்துவிட்டது.

போன வருடம் இதே இடத்தில் எண்ணெய் சிந்தியபோது, மணல் போடும் வேலைக்கு வந்த இராமரிடம், "நீ போய்ப் போடு, நான் கொடி காட்டுறன்," என்றேன். என்னை நம்பி அவன் வாளியோடு இறங்கினான். முதலாவதாக வந்தது கிளப்பின் பெரிய துரை. ஜெயிக்கப்போகிற வண்டி. மணல் போடுகிறவனுக்காகத் துரையை மறிப்பதா என்று கை கூசியது.

கொடி என் தொடையோடு ஒட்டியே கிடந்தது.

வண்டி மோதி இராமர் செத்த விசாரணையில், "அவன் குடித்திருந்தான்தானே?" என்று கேட்டார்கள். "ஓம் சேர்," என்றேன். வெட்கங்கெட்ட நாக்கு.

இராமர் குடிப்பதில்லை. குடியை விட்டுவிட்டேன் என்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நேர்த்தி வைத்தவன். நேர்த்தியை முறித்ததற்குத்தான் இந்தச் சாவு என்று, என் பொய்யை நம்பிவிட்டாள் அவன் மனைவி ஆறாயி. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் நடந்து, புருஷனுக்காக மன்னிப்புக் கேட்கிறாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்து எத்தனை செவ்வாய் பார்த்திருப்பேன். நானும் ஒரு மனிதன்.

ஒத்திகை ஓட்டம் தொடங்கியது. தூரத்தில் அதே துரையின் வண்டி உறுமியது.

சர்ர்.

வாளியிலிருந்து மணல் கொட்டும் சத்தம். வளைவில் யாருமில்லை.

சர்ர்.

கறுப்புத் தாரில் மணல் விழுந்துகொண்டே என்னை நோக்கி வந்தது. கடைசிப் பிடி என் கால் சப்பாத்தின் மேல் விழுந்தது.

சூடாக இருந்தது.

கொடியைத் தூக்கி வெறிபிடித்தவன்போல் ஆட்டினேன். வண்டிகள் எல்லாம் நின்றன. அதிகாரி ஓடிவந்தார். "யாருக்காகக் கொடி?"

"இராமருக்காக, சேர். அவன் குடிக்கேல்லை. போன வருசம் நான்தான் கொடி காட்டேல்லை."

அவர் தாரைப் பார்த்தார். ஒரு மணல்கூட இல்லை. என் சப்பாத்தில் மட்டும் இருந்தது. தலையில் வெயில் ஏறிவிட்டது என்று கொடியைப் பிடுங்கி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொய்யைச் சொன்னபோது மட்டும் ஒரே சொல்லில் நம்பியவர்கள்.

செவ்வாய் மத்தியானம் கொச்சிக்கடைக்குப் போனேன். வாசலில் முழங்காலிட்டிருந்த ஆறாயியின் முன்னால் குந்தி, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப அவரு குடிக்கலீங்களா?"

"இல்லை."

"ஒரு வருசமா நான் யாரு பாவத்துக்கு முட்டி தேய நடந்தேங்க?"

"என்ர பாவத்துக்கு."

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இனிமே நீங்க நடங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நடந்தேன். விளக்கேற்ற வந்தவர்கள் சிந்திய எண்ணெய் தரையெல்லாம் கிடந்தது. முழங்கால் வழுக்கியது. ஆமணக்கெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

சர்ர்.

தலை நிமிரவில்லை. எந்த முகத்தோடு நிமிர்வேன். எனக்கு முன்னால், பீடம்வரைக்கும், எண்ணெய்க்கு மேலே மணல் விழுந்துகொண்டே போனது. நான் வழுக்கி விழாதபடிக்கு.

இன்றைக்கு ஆறாவது செவ்வாய். இன்றைக்கும் போட்டிருந்தான்.