நன்னீரில் ஐந்து நிமிடம்

அவன் மச்சானுக்குத் தர வேண்டியது எண்பத்து மூவாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். செத்துப்போன இருபத்து மூன்று மீன்களின் விலை. மச்சான், அவன் மனைவிக்கு அண்ணன். வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற கடல்மீன்களை விற்கும் கடைக்கு முதலாளி. அந்தக் கடையின் பின்னறையில் வாளி தூக்குகிறவன் இவன். கடன் தொகையை ஓர் அட்டையில் எழுதி, பின்னறைக் கதவின் உள்பக்கம் ஆணியில் மாட்டியிருந்தார் மச்சான். திங்கட்கிழமை காலை அதை விரலால் தட்டி, "இந்த ஜென்மத்துல முடிச்சிருவியா மாப்ள?" என்று சிரித்துத் திரும்பியபோதுதான் அவர் பிடரியில் அதைப் பார்த்தான்.

மூன்று வெள்ளைப் பொட்டுகள். உப்புக்கல் அளவு.

பின்னறைக்குச் சன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாத நீல வெளிச்சத்தில், சுவரோரம் கடல்நீர் கலக்கிற உப்பு மூட்டைகள் கிடக்க, ஆறு தனித்தொட்டிகள் வரிசையாக நின்றன. மணலோ பாறையோ இல்லாத வெறுங்கண்ணாடி, மீன் ஒளிந்துகொள்ள வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மூலையில் குமிழி விடும் பஞ்சு, அவ்வளவுதான். காற்று மோட்டாரின் விடாத உறுமலும், யாரோ வாய்க்குள்ளேயே பேசுவதுபோன்ற குமிழிகளின் முணுமுணுப்பும், செம்புக் காசை உள்ளங்கையில் தேய்த்தால் வருகிற மருந்து நாற்றமும் அவன் தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தன. புதிதாக வருகிற மீன் முப்பது நாள் இங்கே கிடக்க வேண்டும். சீக்கு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அவசரப்பட்டுப் பெரிய தொட்டியில் விட்டால், ஒன்றின் சீக்கு எல்லாவற்றுக்கும் போகும்.

அதற்கும் முன்னால், வந்த அன்றே, நன்னீர் முக்கு. உப்பில்லாத தண்ணீரில் ஐந்து நிமிடம். ஒட்டிக்கொண்டிருக்கிற பூச்சிகள் தாங்கமாட்டாமல் வெள்ளையாக உதிர்ந்து அடியில் படியும். மீன் துடிக்கும். பிறகு செத்ததுபோல ஒருக்களித்துக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று மச்சான் இரண்டு தடவை சொன்ன விஷயம் இது ஒன்றுதான்: "எடுத்துடாதே மாப்ள. அது நடிப்பு. அஞ்சு நிமிஷம் முழுசா போகணும்."

அவன் எடுத்துவிட்டான். ஒரு மஞ்சள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடி அவனையே பார்த்தது, மனசு கேட்கவில்லை, இரண்டாவது நிமிடமே வலையில் தூக்கிவிட்டான். மேலே பொட்டு எதுவும் இல்லையே என்று எட்டாம் நாளே அதை ஒரு பல் டாக்டர் வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் விட்டான். பதினைந்து நாளில் அந்தத் தொட்டியே செத்தது. வெளுத்த கண்ணும் கிழிந்த துடுப்புமாக மிதந்தவற்றை அவன்தான் அள்ளினான். பாவம் பார்த்தவன் தலையில் பழி. அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், மகள் மடியில் ஏறினாலும், அந்த டாக்டர் வீட்டுத் தண்ணீரின் நாற்றம் வந்தது.

கழுத்தில் ஏதோ இருக்கிறது என்று மச்சானிடம் சொன்னான்.

"உப்பு மூட்டையில பொழைக்கிறவன் கழுத்துல சர்க்கரையா ஒட்டும்?" என்றார் அவர்.

அவர் முகம் துடைத்துப்போட்ட துண்டில் ஒரு வெள்ளைத் துகள் இருந்தது. அதை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தான்.

கரிக்கவில்லை.

வியாழக்கிழமை பொட்டுகளைக் காணவில்லை. வேறொருவனாக இருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பான். இவனுக்கு மீனின் சீக்கு தெரியும். பொட்டு மறைந்தால் குணமில்லை; கீழே விழுந்து, ஒன்று நூறாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சூடு கண்ட பூனை அவன். அன்று முதல் தொட்டிகளைப் பார்ப்பதை விட்டு மச்சானைப் பார்த்தான். கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார். சீக்குப்பட்ட மீனும் குழாயில் அப்படித்தான் தேய்க்கும். மின்விசிறிக்கு நேர்கீழே வாயைத் திறந்தபடி உட்கார்ந்தார். சீக்குப்பட்ட மீனும் குமிழிக்குப் பக்கத்தில் அப்படித்தான் நிற்கும். மோட்டார் சத்தத்துக்கு அடியில், முன்னறையிலிருந்து அவர் மூச்சு கேட்டது. வேகமாக. மேலோட்டமாக. நிமிடத்துக்கு நாற்பது. எண்ணிப் பார்த்தான்.

அடுத்த திங்கட்கிழமை பொட்டுகள் திரும்பி வந்தன. பிடரியில், காதுக்குப் பின்னால், இமையின் மேல். எண்ண முடியவில்லை.

அன்றுதான் மச்சான் சொன்னார், தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம், இரண்டு மாதம் தங்கச்சி வீட்டில்தான் இருக்கப்போகிறாராம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாராம். இவர்கள் வீடு இரண்டே அறை. ஒரே பாய். மகள் மாமாவைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைப்பாள்.

"மச்சான், ஒரு முப்பது நாள் இங்கேயே இருந்துக்கறீங்களா? கட்டில் போட்டுத் தர்றேன். சாப்பாடு நானே கொண்டாந்துடறேன்."

"என்னையே குவாரன்டைன்ல போடுறியா? வாளி தூக்கித் தூக்கி மூளை ஊறிப்போச்சு உனக்கு." விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் இமை அதிர்ந்தது. வெள்ளையாக ஒன்று உதிர்ந்து தரையில் விழுந்தது.

விழுந்த இடத்தை அவன் காலால் மிதித்துக்கொண்டு நின்றான்.

பகல் பதினோரு மணிக்கு நீல டிரம்மில் நன்னீர் நிரப்பினான். வெந்நீர் கலந்தான். மீனுக்குச் செய்வதுபோலவே, சூடு பதமாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்த்தான். ரொம்பக் குளிர்ந்தால் அதிர்ச்சியாகிவிடும், பாவம். டிரம் பக்கத்தில், ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கிற நிமிடமானியை வைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

"மச்சான், அடியில ஒண்ணு ஒருக்களிச்சுக் கிடக்கு. கொஞ்சம் பாருங்க."

அவர் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். அவன் நிமிடமானியை அழுத்தினான். பிடரியை அழுத்தினான்.

டிரம் அலறியது. முட்டி இடித்து, கால் உதைத்து, முழங்கை பின்னால் வந்து அவன் பல்லில் மோதியது. வாயில் ரத்தம் கரித்தது. உப்பு மூட்டை தூக்கிய தோள் அவனுடையது. முழு எடையையும் இறக்கினான். மச்சானின் நெற்றி விளிம்பில் மோதிக் கிழிந்து தண்ணீர் கறுத்தது. நீல வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பு. ஒரு தடவை தலை வழுக்கி மேலே வந்தது.

"கடனை விட்டுட்டேன் மாப்ள... தீந்துது... கணக்கு தீந்துது... விடு..."

வாய் திறந்து திறந்து மூடியது. கண் அவனையே பார்த்தது.

அதே பார்வை.

இரண்டாவது நிமிடம்.

அழுத்தினான்.

விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிறாண்டின. தோல் உரிந்தது. மூன்று. கால் தரையில் கோடு இழுத்தது. நின்றது. உடம்பு டிரம்மின் மேல் ஒருக்களித்துச் சாய்ந்தது.

நடிப்பு.

நான்கு.

குமிழி வந்தது. பிறகு வரவில்லை. ஆறு தொட்டி மீன்களும் கண்ணாடியோரம் வந்து நின்றன.

ஐந்து. மணி அடித்தது. சொன்னபடி எடுத்தான்.

அவரை உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போட்டுவிட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்தான். அடி முழுக்க வெள்ளை. அரிசி கொட்டியதுபோல. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் ஒரே பக்கமாக நகர்ந்தன.

உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு லேசானது. இந்தத் தடவை பாவம் பார்க்கவில்லை. அட்டையை எடுத்து, எண்பத்து மூவாயிரத்து நானூற்றைம்பதின் குறுக்கே கோடு கிழித்து, திரும்ப மாட்டினான்.

கதவு தட்டப்பட்டது. மனைவி. கையில் சாப்பாட்டு டப்பா.

"அண்ணன் எங்கங்க? உங்க வாய்ல என்ன ரத்தம்?"

பல்லில் வாளி இடித்துவிட்டது, அண்ணன் வெளியே போயிருக்கிறார் என்றான். அவள் அட்டையைப் பார்த்துவிட்டாள், முகம் மலர்ந்தது.

"அண்ணன் கடனை அடிச்சுட்டாரா? அதான் காலையிலயே பெட்டியக் கொண்டாந்து வச்சிட்டு, பாப்பாவத் தூக்கிக் கொஞ்சிக் கொஞ்சி விளையாடிட்டுப் போனாரா?"

அவன் கிட்டே வந்து பார்த்தான். அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே, வியர்வையில் ஒட்டிக்கொண்டு, ஒன்றே ஒன்று.

உப்புக்கல் அளவு.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கடன் தீந்துதா இல்லையா?"

"தீந்துடுச்சு. உள்ள வா," என்று கதவைத் தாழிட்டான். டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினான். புதுத் தண்ணீர் பிடித்து வெந்நீர் கலந்தான்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சூடு பதமாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்த்தான்.