பதினொரு பொன்னாடைகள்

பாடகி மயிலம்மாள் அன்று மாலைக்குள் நான்கு முறை பிறந்துவிட்டார். எல்லாம் மேடைப் பேச்சில்தான்!

லாபு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பேச வந்த ஒவ்வொருவரும், "இதே தோட்டத்தில் பிறந்தார், பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், கித்தார் வாசித்துத் தோட்டத்துப் பாட்டைப் பாடிய முதல் பெண் இவர்தான்" என்று அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். முடித்ததும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடைத் தட்டோடு நின்ற பத்து வயது ரோகினிக்குக் கை கடுத்தது. இரண்டு மணியிலிருந்து நிற்கிறாள். அந்தப் பாட்டை நேரில் கேட்கலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தாள்.

மயிலம்மாளின் கண்கள் சொருகின. மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"பதினொண்ணு, ஆன்ட்டி."

"ஐயோ! ஆறு மணிக்கு எனக்கு ரயில் இருக்குலா. பாடாமலே போயிருவேன் போல."

"போதும்னு சொல்லுங்களேன்."

"மரியாதை செய்யறாங்க. நானே எப்படிச் சொல்றது?"

மணி ஐந்தாகிவிட்டது. ரோகினிக்கு அழுகையே வந்தது. பேசக் காத்திருந்தவர்களின் முன்வரிசையைப் பார்த்தாள். ஒருவர் தலை சீவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் போட்டோக்காரரிடம், "என்னைக் கிட்ட வந்து எடு" என்றார்.

ரோகினி விழாத் தலைவர் விசுவநாதனிடம் ஓடினாள்.

"அங்கிள், எல்லாரையும் ஒண்ணா மேடைக்குக் கூப்பிடுங்க. ஒரே போட்டோவா எடுத்துரலாம்!"

"அப்ப பேச்சு?"

"ஆன்ட்டி பிறந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிருச்சு. பாட்டைத்தான் யாரும் கேக்கல."

விசுவநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை எடுத்தார்.

போட்டோ என்றதும் பதினொரு பேரும் மேடைக்கு விரைந்தார்கள். நடுவில் நிற்க இடித்துக்கொண்டார்கள். பதினொரு பொன்னாடைகளும் மொத்தமாக விழுந்ததில் மயிலம்மாளின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. போட்டோ எடுத்து முடிந்தது!

மயிலம்மாள் எல்லாவற்றையும் களைந்து வைத்துவிட்டு எழுந்தார்.

"நீயும்தான் அப்ப இருந்தே நிக்கற. இதுல உக்காரு" என்று தம் பெரிய நாற்காலியில் ரோகினியை உட்கார வைத்தார். பிறகு கித்தாரை மாட்டிக்கொண்டார்.

"இது எனக்குப் பொன்னாடை போட ஆளே இல்லாத காலத்துல பாடுனது" என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். களைத்த குரல் முதலில் கரகரத்தது. இரண்டாவது அடியில் மண்டபமே அடங்கிப்போனது.

ரோகினி கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மணியைப் பார்த்தாள். ரயிலுக்கு முன் இன்னும் மூன்று பாட்டுக்கு நேரமிருந்தது.