பெயின்ட் அடிக்காத கார்

“கீழே இறங்குங்க... கயிறு கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

அந்தப் பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். துடைக்கும் துணியோடு நின்றான் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளன். கோபத்திலும் அழகாக இருக்கும் கண்கள் சிலருக்குத்தான் வாய்க்கும்... அவனுக்கு வாய்த்திருந்தது. பாவம், அது அவனுக்கே தெரியாது.

தபால் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, மழைக்காகத்தான் உள்ளே ஒதுங்கினாள். ஊரில் ஒருகாலத்தில் செய்த கார்களெல்லாம் பளபளவென்று நின்றன. அவற்றுக்கு நடுவே பெயின்ட்டே அடிக்காமல் சாம்பல் நிறத்தில் இது ஒன்று... பார்த்ததும் கால் தானாக ஏறிவிட்டது.

“சீட் ஈரமாகுது பாருங்க. உங்க வீடுன்னு நினைச்சீங்களா?”

“அப்படியே வச்சுக்கோங்களேன். நான் பிறந்தது இதுலதான்.”

துடைக்கப் போன கை அப்படியே நின்றது.

“எங்கம்மாவுக்கு கார் ஃபேக்டரி வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது வலி வந்துடுச்சாம். உள்ளே பெயின்ட் அடிக்காத இந்த வண்டியை ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்த டிரைவர் கேட்டைத் தாண்டி வந்து ஏத்திக்கிட்டாராம். ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுட்டேன்...”

அவன் சிரிக்கவில்லை.

“அவர் எங்கப்பா,” என்றான். “அனுமதியில்லாம வண்டியை வெளியே எடுத்ததுக்கு அன்னிக்கே வேலை போச்சு. அதைக்கூட அவர் பெரிசா நினைக்கல. குழந்தை அழவே இல்லையாம்... ஆஸ்பத்திரியில போய்க் கேட்டு, உயிரோட இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். இன்னும் அதே நினைப்புதான். பிழைச்சுதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்ல உங்க வீட்டுல யாருக்கும் தோணலையா?”

“வந்தாங்களே... என்னைத் தூக்கிக்கிட்டு அம்மா கேட்டுக்கு வந்தாங்க. அப்படி யாரும் இங்க இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ஏன் இல்லைன்னு இப்பதானே தெரியுது.”

இத்தனை வருஷக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் விழித்தான். அவளோ காரிலிருந்து இறங்கிவிட்டாள். என்னால் வேலை இழந்தவர் முகத்தில் எப்படி விழிப்பேன்... மழையையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

மறுநாள் தபால் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே அதே கண்கள்.

“ஸ்டாம்பா?”

“நீங்க.”

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அவன் காது சிவந்தது.

“அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல. நான் சொன்னா நம்புவார்... உங்களைப் பார்த்தா நிம்மதியாத் தூங்குவார். நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க. வாங்களேன்.”

அன்று மாலையே போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அவன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, அவர் எழுந்து நின்றுவிட்டார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னால உங்க வேலை...”

“வேலை கிடக்குதும்மா. லாரி ஓட்டிப் பிள்ளையை வளர்த்தேன், குறை என்ன? நீ நல்லா இருக்கியா? அம்மா சௌக்கியமா?”

“நல்லா இருக்கோம்ப்பா... உங்க புண்ணியத்துல.”

அவர் அழுதார். அவளும் அழுதாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் முகம் இவ்வளவு லேசாகி அவன் பார்த்ததே இல்லை. இவள் உயிரோடு இருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது...

பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தான். தூறல் விழுந்தது.

“இனிமே வரமாட்டீங்கல்ல... சொல்ல வந்ததைச் சொல்லியாச்சே,” என்றான் கடைசியில்.

“வரச் சொல்றீங்களா, வேண்டாங்கிறீங்களா?”

“தினமும் வாங்கன்னு சொல்ல ஆசைதான். ஆனா நன்றிக்கடன்னு நினைச்சு நீங்க தலையாட்டிட்டா... அது எனக்கு வேண்டாம்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

“நன்றி முழுசையும் உங்கப்பாகிட்டயே கொடுத்துட்டேன். இது உங்களுக்கு மட்டும்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”