மன்னிச்சாச்சு, போ!

"என்னங்க!"

அந்த அலறல் கூரை வரை போய்த் திரும்பியது.

மேடையில் பேசிக்கொண்டிருந்த பேராசிரியர், தண்ணீர் டம்ளரோடு சரிந்தார். முன்வரிசை டாக்டர் ஓடி வந்து நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

நூறு வருடத் தேவாலயம்... இப்போது கருத்தரங்கு மண்டபம். பலிபீடம் இருந்த இடத்தில் ப்ரொஜெக்டர் திரை. பாவமன்னிப்புக் கூண்டுக்குள் மைக் போர்டும், சவுண்ட் ஆபரேட்டரும்!

ஆபரேட்டர் பதறி எழுந்தான்.

அலறிய குரல்... காலையில் கேட்ட அதே குரல்!

ஒன்பது மணிக்கு அவன் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது, கூண்டின் சல்லடை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் மண்டியிட்டாள்.

"ஃபாதர்... என் மனசுல பெரிய பாவம் இருக்கு..."

'நான் ஃபாதர் இல்லம்மா' என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பு யாரை விட்டது? குரலைக் கனமாக்கினான்.

"சொல்லு மகளே!"

"என் வீட்டுக்காரர... நானே..."

அவள் விம்மினாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக் டெஸ்ட்டுக்கு வேறு கூப்பிட்டார்கள்.

"மன்னிச்சாச்சு, போ!"

அதை எலக்ட்ரீஷியனிடம் நடித்துக் காட்டி வேறு சிரித்திருந்தான். இப்போது நினைக்க உடம்பே கூசியது.

இன்ஸ்பெக்டர் வந்தார். டம்ளரை முகர்ந்தார்.

"தண்ணி வச்சது யாரு?"

"அவரோட சம்சாரம் சார்! நான் பார்த்தேன்!" ஆபரேட்டர் முந்திக்கொண்டான். மற்றதை விழுங்கிவிட்டான்.

அந்தக் குரலைக் கேட்டதும் பேராசிரியரின் மனைவி சட்டென்று திரும்பினாள்.

"ஆமா சார், நான்தான்" என்றாள். "இருபது வருஷமா அடி. ஒரு வாரமா விஷம் பையிலயே இருந்துச்சு... மனசு வரல. எனக்குக் கல்யாணம் நடந்த இடம் இது. கூண்டுக்குள்ள லைட் எரிஞ்சுச்சு, ஃபாதர் இருக்காருன்னு நெனச்சேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாக்கடையில கொட்டியிருப்பேன். அவரு மன்னிச்சாச்சு, போன்னுட்டாரு..."

"இங்க ஏதும்மா ஃபாதர்? யாரு அந்த ஆளு?"

அவள் ஆபரேட்டரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது சார். யாரா இருந்தா என்ன? என் அழுகைய கேட்ட ஒரே ஆளு. விட்டுடுங்க."

தப்பித்தான்!

ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"சார்... அந்த ஃபாதர் நான்தான்!" மண்டியிட்டான். "விளையாட்டா பண்ணிட்டேன்... மன்னிச்சிடுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் நிதானமாக நோட்டைத் திறந்தார்.

"எங்க டிபார்ட்மென்ட்ல முழுசா கேட்டு எழுதிக்கிட்டுத்தாம்பா அடுத்த வேலை. மன்னிப்பெல்லாம் ஜட்ஜ் பாத்துக்குவாரு... எந்திரி!"