சொட்டாத வாளி

வாளியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அரை மணி நேரமாக டிரில் முனையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரெல்லாம் பயிற்சிக்கான பொம்மைத் தலையின் ரப்பர் வாய்க்குள் போய், கழுத்துக் குழாய் வழியாக வாளியில் விழுந்திருக்க வேண்டும். சுகிர்தா குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். கருவாடாகக் காய்ந்து கிடந்தது.

திருவள்ளூரைத் தாண்டியிருந்த அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில், குடைந்து பழகுவதற்கு, யாரோ பிடுங்கிப் போட்ட பற்களை மாணவர்களேதான் தேடிக் கொண்டுவர வேண்டும். பொம்மையின் தாடையில் இப்போது இருப்பது அவள் அப்பாவின் கடைவாய்ப்பல். கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கும் சாம்சன், போன மாதம் பிடுங்கியதை டப்பாவில் போட்டு, "படிப்புக்கு ஆவும், எட்த்துக்கினு போ கண்ணு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்திருந்தார். இன்று நாலு மணிக்குள் குடைந்த பல்லைப் பார்த்து, வகுப்பு ஆசிரியர் வரதன் சார் பதிவேட்டில் கையெழுத்து போடாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் பாழ்.

கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. அம்மா.

"அப்பா நைட் ஷிப்டு முடிச்சிட்டு தூங்கினு இருந்தாரும்மா. வாயிலேர்ந்து தண்ணி தண்ணியா கொட்டுது. எங்கேர்ந்து இவ்ளோ வருதுன்னே தெர்ல."

அவள் காய்ந்த வாளியைப் பார்த்தாள். சேச்சே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மணி மூன்றே முக்கால். மறுபடி குடைந்தாள். தண்ணீர் தெறித்துத் தெறித்து, பொம்மையின் வாய்க்குள் பிடித்திருந்த சின்னக் கண்ணாடியை மறைத்தது, பல்லே தெரியவில்லை.

தண்ணீர் இல்லாமல் டிரிலை ஓட்டினால் பல் சூடேறி, உள்ளே நரம்பு வெந்து செத்துவிடும் என்று முதல் வகுப்பிலேயே அடித்துச் சொல்லியிருந்தார்கள். பிடுங்கிய பல்லுக்கு ஏது நரம்பு? சார் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லோரும் செய்வதுதான். அவளும் தண்ணீரை மூடினாள்.

பல் பளிச்சென்று தெரிந்தது. டிரிலை ஓட்டும் கால்மிதியை அழுத்தினாள். முடி கருகும் நாற்றம். மெல்லிய புகை. இன்னும் கொஞ்சம்தான்.

மறுபடி போன்.

"சுகி, எரியுது எரியுதுன்னு கத்துறாருடி! பல்லு புடுங்குன எடத்துலேர்ந்து பொகை வருதுடி!"

மிதியிலிருந்து காலை எடுத்தாள். டிரில் நிற்கவில்லை. கையை இழுத்தாள். ரப்பர் உதடுகள் விடவில்லை.

"சார்!"

வரதன் சார் வந்து எட்டிப் பார்த்தார். "ஷேப் நல்லா வந்திருக்கே. அப்படியே முடிச்சிடும்மா." கையெழுத்து போட்டுவிட்டு நகர்ந்தார்.

போனில் அப்பாவின் அலறல் சட்டென்று நின்றது. அந்தப் பக்கமும் டிரில் ஓடும் சத்தம்.

டிரிலைக் கவ்வியிருந்த ரப்பர் உதடுகள் அசைந்தன.

"கண்ணு... தண்ணி."

தண்ணீரைத் திறந்தாள். முழுக்கத் திறந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. டிரில் ஓடிக்கொண்டே இருந்தது.