தட்டச்சுப் பரிசுக் கிண்ணம்

காலை 6.40. அம்மா டிஷ்வாஷரின் கதவைத் திறந்தாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

கீழ்த்தட்டில், குக்கருக்கும் பெரிய வாணலிக்கும் நடுவே, நீல விளிம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணம் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன் தட்டச்சுப் போட்டியில் அம்மா வாங்கிய முதல் பரிசு அது. எங்கள் வீட்டில் ஆட்களை விட அதற்கு மரியாதை அதிகம். அதைக் கையால்தான் கழுவ வேண்டும், அதுவும் அம்மாவின் கையால்தான்.

“இதை யார் உள்ளே வச்சது?”

என் மனைவி தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாள். “ராத்திரி நான்தான் அத்தை பாத்திரம் அடுக்கினேன். ஆனா கிண்ணத்தை வச்ச ஞாபகமே இல்லையே.”

“வைக்கலைன்னு சொல்றியா?”

“அதையும் அடிச்சுச் சொல்ல முடியலையே.”

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை, வீட்டுக்கு வந்தால் பாத்திரக் குவியலில் முங்கும். டிஷ்வாஷர் வந்த பிறகுதான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதில் டிப்போ மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு அடுத்த மாதம்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். எங்கள் குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி, ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். பழுதானால் பார்க்க ஊருக்குள்ளேயே ஆள் உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா என்று டிப்போவில் ஏற்கெனவே வாங்கியவர்களை எல்லாம் கேட்டாள். போனோடு பேசும் இயந்திரத்தைக் காட்டிய விற்பனையாளரிடம், “பேசறதுக்கு வீட்டுல ஆள் இருக்காங்க, கழுவத்தான் ஆள் இல்லை” என்றாளாம். கடைசியில் நாலே பொத்தான் உள்ள ஒன்றை வாங்கினாள். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்றது கடை. அந்த மாதம் அன்றோடு முடிந்தது.

அம்மா கடைக்காரரை அவர் வீட்டுப் போனிலேயே எழுப்பினாள். “வந்து எடுத்துட்டுப் போங்க. பதினோரு மணியா? சரி.”

மனைவி மேஜை மேல் கிடந்த தேர்வுப் புத்தகத்தை எடுத்து, புடவைக் கடைப் பை ஒன்றுக்குள் வைத்துச் சுருட்டினாள்.

அக்கா முதல் நாள்தான் வந்திருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில், வருகிற கோரிக்கைகளில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. எரிந்துபோனதாகச் சொன்ன கடையில் எரியாத நாற்காலியைக் கண்டுபிடிக்கும் ரகம். கலைந்த தலையோடு சமையலறைக்கு வந்தாள். துண்டுகளைப் பார்த்தாள். எதையும் தொடவில்லை. தனக்கு டீ போட்டுக்கொண்டு, குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்து, தண்ணீரை உதறி, சர்க்கரையைக் கலக்கினாள்.

“மெஷின் எத்தனை மணிக்கு ஓடுச்சு?”

“ஒன்பதரைக்குப் போட்டேன் அண்ணி. நின்னப்போ எல்லாரும் தூங்கியாச்சு.”

“கதவை அப்புறம் யாராவது திறந்தீங்களா?”

“நான்தான் இப்போ திறந்தேன்” என்றாள் அம்மா. “எல்லாப் பாத்திரமும் அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு கரண்டி வெளியே இல்லை.”

“அம்மா, நீ படுக்கப் போறப்போ கிண்ணம் எங்கே இருந்துச்சு?”

“சாப்பாட்டு மேஜையில. அடியில கொஞ்சம் கஸ்டர்டு மிச்சம் இருந்துச்சு.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீ என்னடா பண்ணிட்டிருந்தே?”

“கிரிக்கெட்.”

“உன்னைச் சாட்சியில சேர்க்க முடியாது.”

அப்பா காலை நடை முடித்து உள்ளே வந்தார். வழக்கத்தை விட நேரம் கழித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செய்தியைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார்.

“அந்த மெஷின் ராத்திரி கடகடன்னு ஆடினப்பவே நினைச்சேன். அம்மாடி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. மெஷின் செஞ்ச தப்புக்கு நீ என்ன பண்ணுவே?”

“அந்த மெஷினைப் பதினோரு மணிக்குத் திருப்பிக் குடுக்கப் போறோம்” என்றாள் அம்மா.

அப்பாவின் முகம் சட்டென்று விழுந்தது. “திருப்பியா? எதுக்கு? ஒரு கிண்ணத்துக்காகவா?”

“ஒரு கிண்ணமா!”

அவர் டிபன் தட்டைத் தள்ளி வைத்தார். பசியில்லையாம். அக்கா வாங்கி வந்த புதுக் கண்ணாடி ஜக்கை டிஷ்வாஷரிலிருந்து எடுத்துத் தண்ணீர் பிடித்தவர், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதைப் பாரேன். நேத்துதான் வந்துச்சு, ஒரே கழுவல்ல கண்ணுல புரை விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு வாரமா டம்ளர் எல்லாமே இந்தக் கதிதான்.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அக்கா எழுந்தாள்.

டிஷ்வாஷரின் முகப்பில் ஓரமாக ஒரு கறுப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தது. “இது என்ன?”

“நான்தான் ஒட்டினேன்” என்றார் அப்பா. “ஒரு சிவப்பு லைட்டு ஓயாம எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கண்ணை உறுத்துச்சு.”

அக்கா டேப்பைப் பிய்த்தாள். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“இந்த மெஷினுக்குன்னு ஒரு உப்பு குடுத்திருப்பாங்களே, எங்கே?”

“பரண்ல போட்டுட்டேன்” என்றாள் அம்மா. “மெஷினுக்கு உப்பு போட்டு ஊறுகாயா போடப் போறோம்?”

அக்கா சிரித்தாள். வாய்விட்டு, வெகுநேரம் சிரித்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் ஜன்னலோரமாக நிற்க வைத்தாள்.

காலை 9.15.

“நம்ம தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அதை அடக்கத்தான் அந்த உப்பு. தீர்ந்துடுச்சுன்னு மெஷின் லைட்டு போட்டுச் சொல்லியிருக்கு, நீங்க அது வாயில டேப்பை ஒட்டிட்டீங்க. அதனால அதுக்குள்ள போற கண்ணாடி எல்லாம் வெள்ளை படிஞ்சுதான் வெளியே வருது. இந்த ஜக்கு நேத்து ராத்திரி ஒரே ஒரு தடவைதான் உள்ளே போச்சு. இப்போ இதைப் பாருங்க.”

ஒரு கையில் ஜக்கு, மறு கையில் கிண்ணத்தின் பெரிய துண்டு. இரண்டையும் ஜன்னலில் பிடித்தாள். ஜக்கின் வழியே எதிர்வீடு மூடுபனியில் நின்றது. கிண்ணத்தின் வழியே எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவது தெரிந்தது.

“பளிச்சுன்னு இருக்கு” என்றாள் மனைவி.

“ஆமா. இந்தக் கிண்ணம் ராத்திரி மெஷினுக்குள்ளயே இல்லை. கழுவி முடிஞ்ச அப்புறம் உடைஞ்ச துண்டா யாரோ கொண்டுவந்து வச்சிருக்காங்க. நீ அதைக் கஸ்டர்டோட ஃப்ரிட்ஜுல வச்சிருப்பே. தூக்கக் கலக்கத்துல மறந்துட்டே, அவ்வளவுதான்.”

அம்மா கண்ணைச் சுருக்கினாள். “யாரு வச்சது?”

“எல்லா ஸ்பூனும் மெஷினுக்குள்ள இருந்ததா நீதானே சொன்னே? குழாய்கிட்ட ஒண்ணு கிடந்துச்சு, ஈரமா. அதுலதான் நான் டீ கலக்கினேன். ராத்திரித் தண்ணி விடியற வரைக்கும் காயாம இருக்குமா? இன்னைக்குக் காலையில யாரோ எதையோ சாப்பிட்டுட்டு, தடயம் தெரியாம கையால கழுவியிருக்காங்க. ஸ்பூன் தப்பிச்சிடுச்சு. கிண்ணம் கைநழுவிடுச்சு. உனக்கு முன்னாடி இந்த வீட்டுல எழுந்திருக்கிற ஆள் யாரு? டாக்டர் இனிப்பே தொடக்கூடாதுன்னு சொன்ன ஆள் யாரு? இன்னைக்குக் கூடுதலா நடந்துட்டு, பசியில்லைன்னு தட்டைத் தள்ளினது யாரு?”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார்.

“கொஞ்சம்தான் இருந்துச்சு” என்றார். “மெஷின் மேல பழி போட்டா அது திருப்பித் திட்டாதுன்னு நினைச்சேன். இவ அதைத் திருப்பி அனுப்புவான்னு யார் கண்டா?” மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “அம்மாடி, மன்னிச்சுக்கோ. பதினோரு மணிக்குள்ள எப்படியாவது சொல்லிடணும்னுதான் தவிச்சுக்கிட்டிருந்தேன்.”

“எப்போ சொல்லியிருப்பீங்க மாமா?”

“பத்து ஐம்பத்தஞ்சுக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. கிண்ணம் உடைந்ததை அவள் அந்தக் கணமே மறந்துபோனாள். சர்க்கரைக்கு வேறு கோர்ட், வேறு தண்டனை. அது பதினோரு மணி வரை நடந்தது.

வேன் வந்தது. கடை ஆள் கயிறும் தள்ளுவண்டியுமாக வாசலில் நின்றார்.

“எதும்மா எடுக்கணும்?”

“மெஷின் நல்லா இருக்குப்பா. அது இங்கேயே இருக்கட்டும்.” அம்மா அப்பாவைக் காட்டினாள். “இவரை எடுத்துக்கிட்டு வேற தருவீங்களா?”

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “வாங்கி ஒரு மாசம் ஆகலையே?”

“நாற்பது வருஷம்.”

“கஷ்டம்மா” என்றார்.

அன்று மாலை அம்மாவே மருமகளின் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள். தேர்வில் அவள் தேறினாள். இப்போது அந்த டிப்போவில் அவள் விசிலடித்தால்தான் முதல் பேருந்து கிளம்பும். இயந்திரம் இன்னும் ஓடுகிறது. ஒரே ஒரு முறை ரப்பர் வளையம் மாற்றினோம்.

அப்பா போய், அம்மா போய், போன மழைக்காலத்தில் அக்காவும் போய்விட்டாள். அவள் வாங்கி வந்த ஜக்கை, கிண்ணம் உடைந்த அன்றைக்கே எலுமிச்சையில் ஊறவைத்துத் தெளிய வைத்தோம். அதில்தான் இன்றும் தண்ணீர் குடிக்கிறோம். சிவப்பு விளக்கு எரிந்தால் உப்பு போடுவது என் வேலை. போட்டு மூடியதும் ஜக்கை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். எதிர்வீடு நன்றாகத் தெரிகிறது.