பென்சிலில் எழுதிய பெயர்

ஷோபா அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை அலர்மேலின் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், பேரு என்னுதுதான். உள்ள இருக்கற தூள் என்னுது இல்ல."

அலர்மேல் எம்.எஸ்சி. வேதியியல் படித்து, பத்து வருடம் தடயவியல் கூடத்தில் வேலை பார்த்தவர். இப்போது திருப்பதியில் சொந்தமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார். "முழுசா சொல்லு" என்றார்.

புத்தூர்க்காரியான ஷோபாவுக்கு எம்.எஸ்சி. கடைசி வருடம். ஆறு மாதம் உழைத்துச் செய்த வெள்ளைத் தூள் நேற்று 148 டிகிரியில் உருகியது. இன்று காலை, ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடின் கண்முன்னால் 121-லேயே உருகிவிட்டது. ஒரே தூள் எப்போதும் ஒரே சூட்டில்தான் உருகும். நேற்று எழுதிய அளவே பொய் என்கிறார் அவர். மாலைக்குள் நிரூபிக்காவிட்டால் பிஎச்.டி.க்குச் சிபாரிசு கிடையாது.

"பக்கத்து மேஜை கிரண்குமாரும் வெள்ளைத் தூள்தான் செய்றான். அதே சிபாரிசுக்குக் காத்துக்கினு இருக்கான்."

"அப்போ அவன்தான் மாத்திட்டான்!" அலர்மேலின் சக ஊழியர் ஜெயபிரகாஷ் எழுந்தே விட்டார்.

அலர்மேல் குப்பியை வெளிச்சத்தில் திருப்பினார். "லேபிளை எதால எழுதின?"

"பேனாவுல, மேடம்."

"இது பென்சில்."

ஷோபா உற்றுப் பார்த்தாள். கையெழுத்தும் அவளுடையது இல்லை. அடியில் மங்கலாக நீலக் கறை.

"தூளை மாத்த வந்தவன் லேபிளைத் தொடவே வேண்டாம், ஜெயபிரகாஷ். மூடியைத் திறந்தா போதும். இங்க மை கரைஞ்சிருக்கு. பாத்திரம் கழுவற அசிட்டோன் கொட்டினா அப்படித்தான் ஆகும். பென்சில் கரையாதுன்னு தெரிஞ்ச யாரோ திரும்ப எழுதியிருக்கா. ஒரு குப்பி மட்டும் நனைஞ்சிருந்தா தப்பு வராது. ரெண்டு நனைஞ்சிருக்கு. எது யாருதுன்னு குத்துமதிப்பா எழுதியாச்சு. உன் தூள் எங்கேயும் போகலை, ஷோபா. இன்னொருத்தர் பேர்ல இருக்கு."

மூவரும் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனார்கள். கைடும் கிரண்குமாரும் அங்கே இருந்தார்கள். கிரண்குமாரின் குப்பியிலும் பென்சில் எழுத்து.

"அசிட்டோன் எப்போ கொட்டித்து?" என்றார் அலர்மேல்.

அவன் முகம் வெளுத்தது. "நேத்து சாயந்திரம், மேடம். கை தவறிடுச்சி. சொன்னா சிபாரிசு போயிடும்னு பயந்துக்கினு நானே எழுதிட்டேன். எது எதுன்னு எனக்கே தெரியல."

ஷோபா அவன் குப்பியிலிருந்து துளித் தூள் எடுத்துக் கருவியில் வைத்தாள். 145... 147... கைடு குனிந்து பார்த்தார். 148-ல் தூள் உருகித் தெளிந்தது.

"சாரிம்மா" என்று அங்கேயே சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சார், 121-ங்கறது அவனோட சரியான அளவு. அவன் வேலையும் தப்பில்ல" என்றாள் ஷோபா. கிரண்குமார் தலை நிமிர்ந்தான்.

வெளியே வந்ததும் அப்பா சம்பத்துக்குப் போன் செய்தாள். "நைனா, சிபாரிசு கெடச்சிடுச்சி. இன்னும் அஞ்சு வருஷம் படிக்கணும்."

"அஞ்சு வருஷமா? அப்பறம் என்னா வேலைம்மா கெடைக்கும்?"

"மருந்துக் கம்பெனி, காலேஜு, போலீஸ் லேபு... எவ்ளோவோ இருக்குது, நைனா."

எதிர்முனையில் அவர் தட்டு எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"வூட்டுக்கு வா. துன்னுக்கினே ஒண்ணொண்ணா சொல்லு, கேக்கறேன்."